பின் பிளக்கை மாட்டியது யார்?

குற்றாலத்தில் இப்போது கல்யாணம் என்றால் பழைய கார் ஒன்று வந்து நிற்க வேண்டும். ரிசார்ட் வாசலில் மாலை போட்டு நிறுத்தி, மாப்பிள்ளையும் பெண்ணும் அதில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்காகவே மாட்டுத் தொழுவத்திலும் வைக்கோல் படப்புக்குப் பின்னாலும் துருப்பிடித்துக் கிடந்த வண்டிகளையெல்லாம் தேடிப்பிடித்து இழுத்து வருகிறார்கள். தென்காசியில் சில பட்டறைக்காரர்கள் இந்த வேலையில் இறங்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்து இன்ஜினை அவர்கள் திறந்து பார்த்ததில்லை. அதனால் ஓய்வெடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கிற எனக்கு போன் வருகிறது.

"அண்ணாச்சி, ஆயில் லைன் வாயை அடைக்கதுக்குப் பழையபடி அடிச்சு ஏத்தலாமா, இல்ல மரை போட்டு பிளக்கு மாட்டலாமா?"

கேட்டால் சொல்வேன். மறைத்து வைக்க அதில் ஒன்றுமில்லை. ஆனால் போன மாதம் கேட்டவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில், "இவ்வளவு தெரிஞ்சிருக்கே அண்ணாச்சி, பொறவு ஏன் பாவூர்சத்திரத்துல போயி மோட்டார் பம்பு ரிப்பேர் பாத்துக்கிட்டு இருந்திய?" என்றான். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நன்றாகவே கேட்டது. போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை அது.

என் பேர் முத்தையா, இலஞ்சிக்காரன். பத்தாவது முடித்த கையோடு தென்காசியில் ஓர் இன்ஜின் பட்டறையில் சேர்ந்தேன். கழுவினேன், தேய்த்தேன், திட்டு வாங்கினேன், லேத் பழகினேன். எல்லாரையும் போலத்தான். கல்யாணம் ஆன சமயத்தில் சிலிண்டர் குடைகிற வேலையும் ஆயில் லைன் வேலையும் முழுதாக என் கைக்கு வந்துவிட்டன. பஸ், லாரி, டிராக்டர் என்று எது வந்தாலும் அந்த இரண்டு வேலைகளுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் போர்மேன் கோமதிநாயகம் அண்ணாச்சி. கிரீஸும் கரியும் பறக்கிற இடத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும். சத்தம் போட்டு யாரையும் ஏசினதில்லை. செய்த வேலை தப்பாக இருந்தால், அந்தச் சாமானை எடுத்து வந்து நம் மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். எங்கே தப்பு என்று நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். முதலாளி வந்து நின்று அவசரப்படுத்தினாலும், "ஆகும்போது ஆகும் முதலாளி" என்று தலை நிமிராமல் சொல்வார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நாங்கள் அவருக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தோம்.

ஆயில் லைனில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. குழாய் வேலைக்காரர்கள் திருகு மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பு பட்டறைக்குள்ளேயே வரக் கூடாது. "எண்ணெய் போற வழியில அதச் சுத்தாதிய. ஒரு நூலு பிஞ்சு உள்ள போனாப் போதும். எங்கன போயி அடைக்கும்னு சொல்ல முடியாது" என்பார். புதிதாகச் சேருகிறவனுக்கு முதல் நாளே அதைச் சொல்லிவிடுவார்.

அப்படி இருக்கும்போதுதான் செங்கோட்டை வக்கீலின் கார் வந்தது.

வக்கீல் பழைய நிலக்காரக் குடும்பம். அவருடைய தாத்தா, செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் வாங்கின இங்கிலீஷ் கார் அது. ரொம்ப காலம் ஓடாமல் கிடந்தது. அதை ஓடவைத்து, முதல் பயணமாக ஆரியங்காவு கோயிலுக்குப் போய்ப் பூஜை போட்டு வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. அவரோடு அவருடைய டிரைவர் இசக்கியும் வந்தான். சிரித்த முகம். வண்டியைக் கட்டி இழுத்து வந்த கயிற்றை அவிழ்க்கும்போதே, "அண்ணாச்சி, இது எந்திரிச்சு நடக்குமா?" என்று கேட்டான். "நடக்கும், ஓடும்" என்றேன்.

இன்ஜினை இறக்கிப் பிரித்தோம். இந்த மாதிரி இன்ஜினில், பிளாக்கின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நீளமாக ஒரு துவாரம் போகும். எண்ணெய்க்கு அதுதான் ராஜபாட்டை. அதிலிருந்து சின்னச் சின்னக் கிளைத் துவாரங்கள் பிரிந்து பேரிங்குகளுக்குப் போகும். கம்பெனியில் அந்த நீளத் துவாரத்தைக் குடைந்துவிட்டு, இரண்டு முனைகளையும் பித்தளைக் குமிழ் அடித்து அடைத்திருப்பார்கள். பலர் அதைத் தொடாமல், வெளியே மட்டும் கழுவி இன்ஜினை மூடிவிடுவார்கள். ஆனால் அந்தக் குமிழுக்குப் பின்னால்தான் இத்தனை வருசத்து அழுக்கும் போய் உட்கார்ந்திருக்கும். வக்கீல் காரில் அதைத் துளைத்து எடுத்தபோது உள்ளே கறுப்பு அல்வா மாதிரி இருந்தது. கம்பி பிரஷ் விட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, சோப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றி, காற்றடித்து, மறுபடியும் பிரஷ் விட்டேன். மறு முனையில் வெள்ளைத் துணியைப் பிடித்துக் காற்றடித்தால் துணி வெள்ளையாகவே இருக்க வேண்டும். அதுவரை விடவில்லை.

குமிழைத் துளைத்து எடுத்த பிறகு பழையபடி அடிக்க முடியாது. மரை வெட்டி, திருகுகிற பிளக் போட வேண்டும். போனில் கேட்கிறவர்கள் இந்த இடத்தைத்தான் சுலபமாக நினைக்கிறார்கள். வெட்டுகிற கருவியின் பள்ளத்தில் கிரீஸ் அப்ப வேண்டும், இரும்புத்தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. அடிக்கடி வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். பலம் காட்டினால் வார்ப்பிரும்பு கீறிவிடும், பிறகு அந்த பிளாக்கை எடைக்குத்தான் போட வேண்டும். மரையை ரொம்ப ஆழமாகவும் ஓட்டக் கூடாது. பிளக் உள்ளே போய், பக்கத்துக் கிளைத் துவாரத்தின் வாயை மறைத்தால் அந்த பேரிங்குக்கு எண்ணெய் கிடைக்காது. கம்பியை வளைத்துக் கிளைத் துவாரம் வழியாக விட்டு, பிளக் எங்கே நிற்கிறது என்று தடவிப் பார்க்க வேண்டும். பிளக்கின் தலை வெளியேயும் துருத்தக் கூடாது. மரையைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்த பிறகு, இறுகிப் பிடிக்கும் பசை ஒரு சொட்டு. அதையும் பிளக்கில்தான் தடவ வேண்டும், துவாரத்துக்குள் விடக் கூடாது.

பின்பக்கத்து பிளக்குக்கு இன்னொன்று உண்டு. அது பிளைவீல் என்கிற கனத்த சக்கரத்துக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. ஓடுகிற இன்ஜினில் அது கழன்றால் எண்ணெய் முழுதும் கிளட்சின் மேல் பாயும். அதனால் மாட்டின பிறகு, பிளக்கும் பிளாக்கும் சேருகிற விளிம்பில் மூன்று இடத்தில் பஞ்ச் உளியை வைத்து அடித்து, இரும்பைக் கொஞ்சம் அமுக்கிவிடுவோம். பிறகு அது தானாகத் திரும்ப முடியாது. நான் அடித்தேன். கோமதிநாயகம் அண்ணாச்சி வந்து மோதிர விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். அவரிடம் வாங்க முடிந்த பெரிய பாராட்டு அதுதான்.

இன்ஜின் ஏறி, வண்டி ஓடியது. வக்கீல் தினமும் வந்து பார்த்தார். கோயிலில் பூஜைக்கு நாள் குறித்துவிட்டார். அந்தச் சமயத்தில் அம்பாசமுத்திரத்தில் என் மாமியார் இறந்துபோனார்கள். காரியமெல்லாம் முடித்துத் திரும்பி வந்தபோது பட்டறையில் வண்டி இல்லை.

"வண்டி போயிட்டா அண்ணாச்சி?"

"போயிட்டு. பின்னால லேசா எண்ணெய் கசிஞ்சிது. கியர் பாக்ஸ எறக்கி, அந்த பிளக்க எடுத்து மாட்டி அனுப்பிட்டோம். முதலாளி நிக்க விடல."

புது பிளக்கில் சில சமயம் லேசாகக் கசியும். எடுத்து மாட்டுவது தப்பில்லை. ஆனால் எடுத்தால் பழைய பஞ்ச் அடி போய்விடும், புதிதாக அடிக்க வேண்டும்.

"பஞ்ச் அடிச்சாச்சா அண்ணாச்சி?"

"ம்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு போனார். அவர் 'ம்' என்று பதில் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனாலும் அவரை அதற்கு மேல் யார் கேட்பது?

புளியரை தாண்டி, மலை ஏறுகிற வளைவில்தான் அது நடந்தது. ஏற்றத்தில் இன்ஜின் முழு வேகத்தில் உறுமியது, வண்டி மட்டும் நகரவில்லை. கிளட்ச் எண்ணெயில் குளித்துவிட்டது. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் சரசரவென்று இறங்குவதைப் பார்த்து இசக்கி இன்ஜினை நிறுத்தினான். வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. அந்தக் காலத்து பிரேக் அந்தச் சரிவில் பிடிக்கவில்லை. பின்னால் பள்ளம், உள்ளே வக்கீல். இசக்கி கீழே குதித்து, ஓரத்தில் கிடந்த கல்லைத் தூக்கிப் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான். சக்கரம் கல்லில் ஏறி நின்றது. கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அவனுடைய கால் இருந்தது.

வக்கீலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இசக்கிக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்து, வக்கீல் முன்னாலேயே பிரித்தோம். கியர் பாக்ஸை இறக்கியதும் ஒரு குடம் எண்ணெய் கொட்டியது. அந்த எண்ணெய்க்குள் பிளக் கிடந்தது. நான்தான் குனிந்து எடுத்தேன். அதன் மரையில் வெள்ளை டேப்பு சுற்றியிருந்தது. பிளாக்கின் விளிம்பில் நான் அடித்த பழைய தழும்பு மூன்றும் பிய்ந்து கிடந்தன. புதிதாக ஒரு அடி இல்லை.

"யாருய்யா இத மாட்டினது?" என்றார் வக்கீல்.

பட்டறையில் அத்தனை பேர் நின்றார்கள். எல்லாரும் என் கையிலிருந்த பிளக்கையே பார்த்தார்கள். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் கழிவுத் துணியை எடுத்து, ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தபடியே, அவருக்கே உரிய அந்தத் தணிந்த குரலில் சொன்னார்:

"ஆயில் லைன் வேலையெல்லாம் முத்தையாதான் சார் பாத்தான்."

அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. இன்றைக்கும் அதுதான் என்னைக் குடைகிறது. பொய் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

"அண்ணாச்சி, இதுல வெள்ள டேப்பு இருக்கு. நான் இதச் சுத்துவனா? சுத்தக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே? வண்டி போன அன்னைக்கி நான் ஊர்லயே இல்லியே!"

என் குரல் பட்டறை முழுக்கக் கேட்டிருக்கும். அவர் நிமிரவில்லை. முதலாளிதான் குறுக்கே வந்தார். "முத்தையா, வக்கீலய்யா முன்னால சத்தம் போடாத. உள்ள வச்சுப் பேசிக்கிடலாம்."

வக்கீல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பக்கம் வெள்ளைச் சட்டை, அமைதியான குரல். இன்னொரு பக்கம் எண்ணெய் வழிகிற கையோடு கத்துகிற நான். அவர் யாரை நம்புவார்? "இந்தாளு இனி இங்க இருக்கக் கூடாது" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார். உள்ளே வைத்துப் பேசுகிற பேச்சு நடக்கவே இல்லை. மறுநாள் வந்தபோது என் கருவிப் பெட்டி வாசலில் இருந்தது.

அன்றைக்கு பட்டறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், பிளக்கைக் கழற்றி மாட்டியது யார் என்று. கியர் பாக்ஸைத் தாங்கிப் பிடித்தவர்களே அவர்கள்தான். அவர்களில் ஒருத்தர்கூட என் பெட்டியைத் தூக்கி சைக்கிளில் வைக்க வரவில்லை.

அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். மதினி காபி கொண்டுவந்து வைத்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது போல, "ஏன் இந்தப் பக்கமே வரல?" என்று கேட்டார்கள். அவர்கள் உள்ளே போன பிறகு அண்ணாச்சி சொன்னார்.

"அன்னைக்கி ஞாயித்துக்கிழம முத்தையா. பசை தீந்துபோச்சு, ஒரு கடையும் தெறக்கல. முதலாளி வந்து தலமாட்டுல நிக்காரு. வக்கீலு போனு மேல போனு போடுதாரு. கையில கெடச்சதச் சுத்தி மாட்டினேன்."

"சரி அண்ணாச்சி. அத அன்னைக்கி அவருகிட்டச் சொன்னா என்ன?"

"எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய கெடக்கு. இந்த வயசுல முதலாளி என்ன விட்டுட்டாம்னா எவன் சேப்பான்?"

"எனக்கு?"

"நீ சின்னவம்லே. ஒனக்குக் கை இருக்கு. எங்கன போனாலும் பொழச்சிக்கிடுவ."

நான் காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

கை இருந்தது. அதில் வேலை கொடுக்கத்தான் ஆளில்லை. கடையநல்லூர், சங்கரன்கோவில் என்று போன இடமெல்லாம் எனக்கு முன்னால் செய்தி போயிருந்தது. "ஓ, அந்த வக்கீல் கார் முத்தையாவா?" என்பார்கள். டீ வாங்கிக் கொடுப்பார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். கடைசியில் பாவூர்சத்திரம் மார்க்கெட் பக்கத்தில் ஒரு மோட்டார் பம்புக் கடையில் சேர்ந்தேன். கிணற்று மோட்டாரைப் பிரித்து, பேரிங் மாற்றி, மூடிக் கொடுக்க வேண்டும். முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றுகிற சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து அதைத்தான் செய்தேன், இடுப்பு வளையாமல் போகிற வரைக்கும். அங்கேயும் ஒழுங்காகத்தான் செய்தேன். ஆனால் காலையில் எழுந்து வேலைக்குக் கிளம்புகிறபோது முன்பு எனக்கு இருந்த ஓர் அவசரம் அதற்குப் பிறகு வரவே இல்லை.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் இருந்தது இசக்கி என்னை என்ன நினைப்பான் என்பதுதான். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்கப் போனேன். அவன் மனைவி வராந்தாவிலேயே மறித்தாள். "நீங்கதான அந்தத் திருகு மாட்டுனவிய? என்ன பாக்க வந்திய? காலு இல்லாமக் கெடக்காரு, அதயா?" என்றாள். இல்லை தாயே, நான் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அவள் அழுத அழுகையில் அந்தப் பேச்சு அங்கே எடுபடாது என்று திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு செங்கோட்டைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால்கூட, யார் ஏறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருப்பேன். அவனிடம் என்ன சொல்ல வேண்டும், எதில் தொடங்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சாப்பிடும்போது, மோட்டாரைப் பிரிக்கும்போது, படுக்கும்போது. என் மனைவி, "யாருகூடப் பேசுதிய?" என்று கேட்பாள்.

இந்த வருசம் சீசன் நன்றாக இருந்தது. இடுப்புக்கு நல்லது என்று மனைவி சொல்லி, ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். குளித்துவிட்டு அவள் பெண்கள் பக்கத்தில் துணி மாற்றப் போனாள். நான் ஈரத்துண்டோடு சிப்ஸ் கடைகள் பக்கம் நின்றேன். ஒரு கடையிலிருந்து குரல் வந்தது.

"முத்தையா அண்ணாச்சிதானே?"

இசக்கி. தலை முழுக்க நரைத்திருந்தது. பலகைக்குக் கீழே கட்டைக்கால் தெரிந்தது. இத்தனை காலமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த எதுவும் வரிசையாக வரவில்லை.

"இசக்கி, அந்த பிளக்கு... அன்னைக்கி நான்..."

"தெரியும் அண்ணாச்சி" என்றான்.

"என்ன தெரியும்?"

"நீங்க மாட்டலன்னு. நான் ஆஸ்பத்திரியில கெடக்கும்போதே கோமதிநாயகம் அண்ணாச்சி வந்து காலப் பிடிச்சு அழுதுட்டாரு. நான்தாம்லே, அவசரத்துல மாட்டிட்டேன், பஞ்சு அடிக்கலன்னாரு. பொறவு எம் பொண்டாட்டிகிட்டயும் சொல்லிட்டேன்."

அருவிச் சத்தத்தில் நான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். கிட்டே போனேன்.

"தெரிஞ்சுமா நீ யாருகிட்டயும் சொல்லல?"

அவன் சிப்ஸ் பொட்டலங்களை அடுக்கினான். அவை ஏற்கனவே ஒழுங்காகத்தான் அடுக்கியிருந்தன.

"சொல்லியிருந்தா இந்தக் கட கெடச்சிருக்காது அண்ணாச்சி. பட்டறை முதலாளிகிட்ட நின்னு, பேசி, இத எனக்கு வாங்கித் தந்ததே கோமதிநாயகம் அண்ணாச்சிதான். காலு இல்லாதவன் வேற என்ன செய்ய? அவர மாட்டிவிட்டா எனக்கு யாரு நிப்பா? நீங்க அதுக்குள்ள ஊர விட்டே போயிட்டிய." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, மனதாரச் சொன்னான்: "ஒங்க மேல எனக்கு ஒரு நாளும் கோவமே கெடையாது, பாத்துக்கிடுங்க."

அவன் காலைப் பார்த்தால் அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவன் நினைப்பை அஞ்சியே நான் கழித்த காலத்தை யாரிடம் போய்க் கேட்பது? எல்லாரும் எல்லாரிடமும் சொல்லி, அழுது, முடித்துக்கொண்டார்கள். என்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஒரு குடும்பம் வந்து நேந்திரங்காய் சிப்ஸ் கேட்டது. அவன் நிறுத்துப் போட்டுக் கொடுத்தான். அவர்கள் போன பிறகு, எனக்கும் ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினான். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"கோமதிநாயகம் அண்ணாச்சி இப்பவும் சீசனுக்கு சீசன் வந்திருவாரு" என்றான். "குளிச்சிட்டு இங்கனதான் கொஞ்ச நேரம் உக்காந்திருப்பாரு. ஒவ்வொரு தடவையும் ஒங்களத்தான் கேப்பாரு."

"என்ன கேப்பாரு?"

"முத்தையா இங்கன வந்தானாம்பாரு."

"வந்தா என்ன சொல்லச் சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லச் சொல்லல அண்ணாச்சி. வந்தானான்னு மட்டும்தான் கேப்பாரு. இல்லன்னா எந்திரிச்சுப் போயிருவாரு."

மனைவி படியேறி வந்துகொண்டிருந்தாள். துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டேன்.

"இனிம கேட்டாலும் வரலன்னே சொல்லிரு" என்றேன்.